கொழும்பில் போடும் கையெழுத்து ஹட்டன் கடை வரைக்கும் வருமா?

ஹட்டனில் கொமியூனிகேஷன் கடை வைத்திருக்கும் ஒரு தம்பி கேட்டது இது: "சைபர் பாதுகாப்புக் கம்பனிகள் உலக வங்கி, இன்டர்போல், ஐ.நா. அமைப்புகள் என்று எல்லாரோடும் 'பாதுகாப்பான டிஜிட்டல் அபிவிருத்தி'க்காக ஒப்பந்தம் போடுகின்றன. இது விளம்பரமா, உண்மையான வேலையா? மலையகத்து ஆட்களுக்கு இதில் என்ன இருக்கிறது? அப்படி ஒரு கம்பனியின் அனுசரணையில் நுவரெலியாவில் நடக்கும் இரண்டு நாள் பயிற்சிக்கு என்னையும் கூப்பிட்டிருக்கிறார்கள். கடையைப் பூட்டிவிட்டுப் போகலாமா?"

தம்பி, பயிற்சி விஷயத்தைக் கடைசியில் சொல்கிறேன். நான் பண்டாரவளைப் பக்கம் ஒரு தோட்டத்தில் வளர்ந்தவன். பதினைந்து வருடமாகக் கொழும்பில் வங்கிகளின் கணினிப் பாதுகாப்பில் வேலை. இந்த ஒப்பந்த விழாக்களில் குத்துவிளக்கு ஏற்றுவதைப் பார்த்திருக்கிறேன். விளக்கு அணைந்த பிறகு நடப்பதையும் நடக்காததையும்கூடப் பார்த்திருக்கிறேன்.

விளம்பரமா என்றால், பாதி ஆமாம். கம்பனிக்காரன் தர்மம் செய்ய வரவில்லை. ஆனால் மற்றப் பாதி உண்மையான வேலை. அது இல்லாமல் இன்றைக்கு எந்த நாட்டுப் பொலிஸாலும் பெரிதாக ஒன்றும் செய்ய முடியாது.

பெரிய பாதுகாப்புக் கம்பனி ஒன்றின் மென்பொருள் கோடிக்கணக்கான கணினிகளில் உட்கார்ந்திருக்கிறது. எங்கோ ஒரு மூலையில் புது வைரஸ் தலைகாட்டினால் முதலில் தெரிவது அவர்களுக்குத்தான். அந்த ஊர்ப் பொலிஸுக்கே பிறகுதான் தெரியும். ஆனால் கம்பனியால் யார் வீட்டுக் கதவையும் தட்ட முடியாது. பொலிஸால் தட்ட முடியும், நாட்டு எல்லைக்குள் மட்டும். திருடன் ஒரு நாட்டில், அவன் வாடகைக்கு எடுத்த சேர்வர் இன்னொரு நாட்டில், பணம் பறிகொடுத்தவர் மஸ்கெலியாவில். எல்லாரையும் ஒரே மேசைக்குக் கொண்டுவர 196 நாடுகள் அங்கம் வகிக்கும் இன்டர்போல் மாதிரி ஒன்று தேவைப்படுகிறது.

இது நேற்று வந்த பழக்கமும் இல்லை. 2012இல் மத்திய கிழக்கில் கணினித் தரவுகள் மர்மமாக அழிந்துகொண்டிருந்தன. ஐ.நா.வைச் சேர்ந்த சர்வதேச தொலைத்தொடர்பு ஒன்றியம், என்ன என்று பார்த்துச் சொல்லும்படி கஸ்பர்ஸ்கி என்ற ரஷ்யக் கம்பனியைக் கேட்டது. தேடிப் போனவர்களுக்கு அகப்பட்டது வேறொன்று: 'ஃபிளேம்' என்ற பெரிய உளவு வைரஸ். கிணறு வெட்டப் பூதம் புறப்பட்ட கதை.

நமக்குக் கிட்டத்தில் நடந்த உதாரணமும் இருக்கிறது. 2025 ஜனவரி முதல் ஏப்ரல் வரை 'ஒபரேஷன் செக்யூர்' என்ற பெயரில் இன்டர்போல் 26 நாடுகளைச் சேர்த்து ஒரு நடவடிக்கை நடத்தியது. குரூப்-ஐபி, கஸ்பர்ஸ்கி, டிரெண்ட் மைக்ரோ என்ற மூன்று கம்பனிகள் தங்களிடம் இருந்த தகவலைக் கொடுத்தன. எந்தச் சேர்வரிலிருந்து எந்த வைரஸ் கட்டளை வாங்குகிறது என்கிற தகவல். அது அந்தந்த நாட்டுப் பொலிஸுக்குப் போனது. 20,000க்கு மேற்பட்ட ஐ.பி. முகவரிகளும் இணைய முகவரிகளும் முடக்கப்பட்டன, 41 சேர்வர்கள் கைப்பற்றப்பட்டன, 32 பேர் கைதானார்கள். அந்த 32இல் 12 பேர் இலங்கையில், வீடுகளைச் சோதனையிட்டபோது பிடிபட்டவர்கள். "உங்கள் விவரம் திருடு போயிருக்கலாம், பாஸ்வேர்டை மாற்றுங்கள்" என்று 216,000க்கு மேற்பட்டவர்களுக்கு அறிவித்தல் போனது. விளம்பரம் மட்டும் என்று இதைத் தள்ளிவிட முடியாது.

அந்த நடவடிக்கை குறிவைத்தது எதை என்று கவனியுங்கள், உங்கள் கடைக்கும் அதற்கும் நேரடிச் சம்பந்தம் உண்டு. இன்ஃபோஸ்டீலர் என்பார்கள், தகவல் திருடி. அது கணினியை முடக்காது, பணம் கேட்டு மிரட்டாது, பல நேரம் வேகத்தைக்கூடக் குறைக்காது. சத்தமில்லாமல் வந்து, பிரவுசரில் சேமித்து வைத்த பாஸ்வேர்டுகளை ஒட்டுமொத்தமாக அள்ளிக்கொண்டு போகும். இன்னொன்றையும் அள்ளும். நீங்கள் ஒரு தளத்துக்குள் நுழைந்ததும், 'இவர் உள்ளே வந்துவிட்டவர்' என்று ஒரு சீட்டு மாதிரி குக்கீ ஒன்று பிரவுசரில் தங்கும். அது திருடன் கைக்குப் போனால் பல தளங்களில் பாஸ்வேர்டும் கேட்காது, ஓ.டி.பி.யும் கேட்காது. அள்ளியதை மூட்டை கட்டி விற்றுவிடுவார்கள். வாங்குகிறவன் வேறொருவன், அவனுக்கு உங்களைத் தெரியவும் தெரியாது.

இந்தத் திருடிகள் அதிகமாக உள்ளே வரும் வழிகளில் ஒன்று எது தெரியுமா? கிரேக் பண்ணிய மென்பொருள். ஓசியில் இறக்கிய போட்டோஷொப், சாவி உடைத்த விண்டோஸ். உங்கள் கடையைச் சொல்லவில்லை. ஆனால் ஹட்டனிலிருந்து பதுளை வரைக்கும் நான் நுழைந்த கொமியூனிகேஷன் கடைகளில் காசு கொடுத்து வாங்கிய விண்டோஸை விரல் விட்டு எண்ணலாம்.

அதே நேரம், இன்றைக்கு அந்தக் கடை என்ன? ரீலோட் போடவும் போட்டோகொப்பி எடுக்கவும் தொடங்கியது. இப்போது அது பாதி அரசாங்கக் கந்தோர். அஸ்வெசும என்ற அரசாங்க நிவாரணக் கொடுப்பனவுக்கு முறையீடா, ஈ.பி.எஃப். என்ற சேமலாப நிதி விவரமா, கடவுச்சீட்டுக்கு நாள் எடுப்பதா, வெளிநாட்டு வேலைக்குப் பதிவா, பிள்ளையின் பரீட்சை முடிவா, எல்லாம் அங்கேதான். லயத்திலிருந்து அரை நாள் சம்பளத்தை விட்டுவிட்டு இறங்கி வரும் ஒரு அம்மா, தன் அடையாள அட்டையையும் வங்கிப் புத்தகத்தையும் மேசையில் வைத்து, "தம்பி, நீங்களே பார்த்து அடிச்சிருங்க" என்கிறார். ஜிமெயில் கணக்கைத் திறப்பதும் கடைக்காரத் தம்பி, பாஸ்வேர்ட் வைப்பதும் அவர்தான். ஒருமுறை ஊருக்குப் போனபோது என் அக்காவுக்காக ஒரு கடையில் உட்கார்ந்திருந்தேன். டெஸ்க்டொப்பில் 'ஐடி' என்று ஒரு ஃபோல்டர். உள்ளே நூற்றுக்கணக்கான அடையாள அட்டை ஸ்கேன்கள். அக்காவின் பாஸ்வேர்ட் கடையின் பெயரும் 123உம். அடுத்து வந்தவருக்கும் அதேதான். அந்தப் பையன் கெட்டவன் இல்லை. மறந்துவிட்டுத் திரும்பி வருபவர்களுக்கு உதவியாக இருக்கட்டும் என்றுதான் ஒரே மாதிரி வைத்திருக்கிறான். ஒரே ஒரு திருடி அந்தக் கணினியில் ஏறினால் ஒரு தோட்ட டிவிஷன் ஆட்களின் விவரம் முழுதும் போகும்.

சரி, 'டிஜிட்டல் அபிவிருத்தி' என்ற பெரிய சொல்லுக்கு வருவோம். நம் நாட்டுக்கு அது புதிதில்லை. 2004இல் உலக வங்கிக் கடனோடு ஈ-ஸ்ரீலங்கா திட்டம் வந்தது. கிராமங்களிலும் தோட்டங்களிலும் நெனசல என்ற பொதுக் கணினி நிலையங்கள் திறக்கப்பட்டது அந்தக் காலம். 2014இல் நெனசலத் திட்டத்துக்கு கேட்ஸ் அறக்கட்டளையின் விருதும் கிடைத்தது. கணினி அவசர நிலைகளைக் கவனிக்கும் ஸ்ரீலங்கா சேர்ட் 2006இல் உருவானது. 2007இல் கணினிக் குற்றச் சட்டம். 2015இல் சைபர் குற்றங்களுக்கு எதிரான சர்வதேச புடாபெஸ்ட் உடன்படிக்கையில் சேர்ந்தோம், தெற்காசியாவில் முதல் நாடாக. காகிதத்தில் நாம் பின்தங்கியவர்கள் இல்லை.

ஆனால் தோட்டத்தில் பிறந்தவனுக்கு ஒன்று தெரியும். சரிவில் ரோட்டு வெட்டினால் மழைத் தண்ணீர் ஓடக் கானும் வெட்ட வேண்டும். கான் இல்லாத ரோட்டு முதல் வருடம் அழகாகத்தான் இருக்கும். மூன்றாம் வருடத்து ஐப்பசி மழைக்குத் தேயிலையையும் இழுத்துக்கொண்டு கீழே போய்விடும். 2023 ஓகஸ்டில் அரசாங்க கிளவுட்டில், அதாவது அரச நிறுவனங்கள் தரவு வைக்கும் பொதுவான சேர்வர் தொகுதியில், நடந்தது அதுதான். பணம் பறிக்கும் வைரஸ் ஒன்று புகுந்து, சுமார் 5,000 அரச மின்னஞ்சல் முகவரிகளின் தரவைப் பூட்டியது. மே 17 முதல் ஓகஸ்ட் 26 வரையான மின்னஞ்சல்கள் திரும்பக் கிடைக்கவில்லை, அந்தக் காலத்துக்குப் பிரதி எடுத்து வைக்கவில்லை. ஓடிக்கொண்டிருந்த மென்பொருளும் காலாவதியான பழைய பதிப்பு. எவனோ மேதை ஹேக்கர் மந்திரம் போட்டு நுழையவில்லை. கானில் மண் நிறைந்திருந்தது, அவ்வளவுதான்.

உதவித் திட்டங்களின் பழைய வியாதி இது. கட்டுவதற்குக் காசு வரும். வருடா வருடம் துப்புரவாக்க வராது. இந்தக் குறை தெரிந்துதான் 2021 ஓகஸ்டில் உலக வங்கி சைபர் பாதுகாப்புக்கென்றே ஒரு தனி நிதியைத் தொடங்கியது. எஸ்தோனியா, ஜெர்மனி, ஜப்பான், நெதர்லாந்து ஆகியவை பங்காளிகள். எஸ்தோனியா அந்தப் பட்டியலில் இருப்பது சும்மா இல்லை. 2007இல் வங்கியும் பத்திரிகையும் அரசாங்கத் தளங்களும் ஒரே நேரத்தில் தாக்கப்பட்டு அடிபட்ட நாடு அது. ரோட்டுக்கு எழுதும் மதிப்பீட்டிலேயே கானையும் எழுதுங்கள் என்பதுதான் யோசனை. அதற்கு ஆளும் அறிவும் கம்பனிகளிடம் இருக்கிறது. அதனால்தான் அவர்களும் மேசைக்கு வருகிறார்கள்.

இப்படி ஒரு கூட்டு வேலை ஹட்டன் வங்கிக் கிளை வரைக்கும் வந்ததற்கு எனக்குப் பிடித்த உதாரணம் ஒன்று உண்டு. 2016 பெப்ரவரியில் பங்களாதேஷ் மத்திய வங்கியின் நியூயோர்க் கணக்கிலிருந்து 95 கோடி டொலருக்கு மேல் உருவப் பார்த்தார்கள். 8 கோடி 10 இலட்சம் பிலிப்பைன்ஸுக்குப் போய்ச் சேர்ந்தது. 2 கோடி டொலர் இலங்கைக்கு, ஒரு அறக்கட்டளையின் கணக்குக்கு அனுப்பப்பட்டது. அனுப்பியவர்கள் 'ஃபவுண்டேஷன்' என்று எழுத வேண்டிய இடத்தில் 'ஃபன்டேஷன்' என்று எழுதியிருந்தார்கள். அந்த எழுத்துப்பிழையைப் பார்த்துக் கேள்வி கேட்டதால் பணம் நின்று, திரும்பிப் போனது. (என் பிள்ளைக்கு ஸ்பெல்லிங் பாடம் எடுக்கும்போதெல்லாம் இந்தக் கதையைச் சொல்வேன்.) அந்த வைரஸ் எப்படி வேலை செய்தது என்பதைப் பிரித்துப் பார்த்து வெளியிட்டது பிஏஈ சிஸ்டம்ஸ் என்ற தனியார் கம்பனி. சர்வதேசப் பணப் பரிமாற்ற வலையமைப்பான ஸ்விஃப்ட் அதே வருடம் பாதுகாப்பு விதிகளை அறிவித்தது. தன்னோடு இணைந்த ஒவ்வொரு வங்கியும் வருடம்தோறும் அவற்றைப் பின்பற்றுவதாக உறுதிப்படுத்த வேண்டும் என்றது. அந்தப் படிவங்களை நிரப்பி நிரப்பி என் தலைமுடி கொட்டியது வேறு கதை. ஆனால் டுபாயில் வேலை செய்யும் தங்கச்சி அனுப்பும் காசு வரும் பாதையில் இன்று சில பூட்டுகள் கூடுதலாக இருக்கின்றன என்றால், அதன் வேர் அங்கே இருக்கிறது. கம்பனி கண்டுபிடித்தது, சர்வதேச அமைப்பு அதைக் கட்டாயமாக்கியது. இந்த இரண்டாவது பகுதி இல்லாத ஒப்பந்தங்கள் பெரும்பாலும் போட்டோவோடு முடிந்துவிடும்.

எங்கே கவனமாக இருக்க வேண்டும் என்றால், முதலில் 'இலவசம்' என்ற சொல்லில். முதல் இரண்டு மூன்று வருடம் லைசன்ஸ் இலவசம் என்பார்கள். நம் ஆட்கள் அந்த ஒரு மென்பொருளிலேயே பழகிவிடுவார்கள். பிறகு டொலரில் பில் வரும். டொலர் இல்லாமல் நாடு வரிசையில் நின்ற 2022ஐ நாம் மறக்கவில்லையே. அடுத்தது, எல்லாரும் ஒரே கம்பனியின் நிழலில் ஒதுங்குவது. 2024 ஜூலை 19 அன்று கிரவுட்ஸ்ட்ரைக் என்ற பாதுகாப்புக் கம்பனி அனுப்பிய ஒரு பிழையான அப்டேட்டால் உலகம் முழுதும் 85 இலட்சம் விண்டோஸ் கணினிகள் நின்றுபோயின. தாக்கியவன் யாரும் இல்லை. காவல்காரன் கதவில் சாய்ந்தான், கதவு விழுந்துவிட்டது.

அரசியலும் உண்டு. மேலே சொன்ன கஸ்பர்ஸ்கியின் மென்பொருளைத் தன் நாட்டில் விற்க 2024இல் அமெரிக்கா தடை போட்டது. அடுத்த வருடமே அதே கம்பனி இன்டர்போலோடு நின்று வேலை செய்தது. யார் சரி என்று நான் தீர்ப்புச் சொல்லப் போவதில்லை. ஒரு கம்பனியோடு கைகுலுக்கும்போது அதன் பின்னால் ஒரு நாடும் நிற்கிறது என்பதை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். இன்னொரு சின்ன வேடிக்கை: தொலைத்தொடர்பு ஒன்றியம் வெளியிடும் உலக சைபர் பாதுகாப்புச் சுட்டெண்ணில் சட்டம், தொழில்நுட்பம், நிறுவன அமைப்பு, திறன் வளர்ச்சி, ஒத்துழைப்பு என்று ஐந்து தூண்கள். ஒத்துழைப்பு என்ற தூணில் ஒப்பந்தங்களும் எண்ணப்படும். ஆகவே கையெழுத்துப் போடுவதில் அரசாங்கங்களுக்கும் ஒரு ருசி இருக்கிறது.

மலையகத்துக்கு என்ன இருக்கிறது என்று கேட்டீர்கள். இப்போதைக்கு, வங்கி வழியாகவும் பொலிஸ் வழியாகவும் மறைமுகமாக வருவதுதான் அதிகம். நேராக வருவது குறைவு. முக்கிய காரணம் மொழி.

சில வருடங்களுக்கு முன் மலைநாட்டில் ஒரு ஹோட்டலில் இப்படி ஒரு விழிப்புணர்வு நாளுக்குப் பேசப் போயிருந்தேன். நடத்தியவர்கள் பெயர் வேண்டாம். தோட்டக் கந்தோர் ஊழியர்கள், ஆசிரியர்கள், சங்கக் காரியதரிசிகள் என்று அறுபது பேர். காலையில் வந்த நிபுணர் அழகான ஆங்கிலத்தில் இரண்டு மணி நேரம் பேசினார். திரையில் இருந்த மோசடி மின்னஞ்சல் உதாரணங்கள் எல்லாம் வெளிநாட்டு வங்கிகளின் பெயரில். தேநீர் இடைவேளையில் ஒரு டீச்சர் என்னிடம் போனைக் காட்டினார். அரசாங்கக் கொடுப்பனவு கிடைக்க இந்த லிங்கை அழுத்தி அடையாள அட்டை இலக்கத்தைப் போடுங்கள் என்று வட்ஸ்அப்பில் வந்த தமிழ்ச் செய்தி. கோயில் குழுவில் வந்ததாம். அதைப் பற்றி அன்று மேடையில் ஒரு வார்த்தை இல்லை. மதியச் சாப்பாடு நன்றாக இருந்தது.

நம்மைத் தாக்குவது தமிழில், குரல் பதிவில், தெரிந்தவர் அனுப்பியதாக வருகிறது. கம்பனிகள் சேகரிக்கும் மாதிரிகளில் அது எளிதில் விழுவதில்லை. யாரும் முறைப்பாடு செய்வதுமில்லை. பொலிஸுக்குப் போனால் சிங்களத்தில் எழுத வேண்டியிருக்குமோ என்ற தயக்கம். பதிவாகாத திருட்டு எந்த அறிக்கையிலும் ஏறாது, ஏறாததற்கு யாரும் பணம் ஒதுக்க மாட்டார்கள்.

மோசடித் தொழிற்சாலை ஒன்றும் தொலைவில் இருக்கவில்லை. 2024 ஒக்டோபரில் கண்டிக்குப் பக்கத்தில் குண்டசாலையில் ஹோட்டல் ஒன்றில் தங்கி இணைய மோசடி நடத்தியதாக நூற்றுக்கும் மேற்பட்ட சீனர்களைப் பொலிஸார் கைது செய்தார்கள். இன்னொரு பக்கம், கணினி வேலை என்று நம்பிப் போன இலங்கைப் பிள்ளைகள் மியன்மாரின் மோசடி முகாம்களில் அடைக்கப்பட்டு, மற்றவர்களை ஏமாற்றும்படி வதைக்கப்பட்டார்கள். உங்கள் கடைக்கு அப்படி ஒரு வேலை விளம்பரத்தோடு யாராவது பயோடேட்டா அடிக்க வந்தால், அடித்துக் கொடுப்பதற்கு முன் எந்த நாடு, யார் டிக்கட் போடுகிறார்கள் என்று கேளுங்கள். வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தில் பதிந்த முகவரா என்று அதே கணினியில் பார்த்துச் சொல்லலாம்.

வரப்போகும் டிஜிட்டல் அடையாள அட்டையிலும் எனக்கு ஒரு கவலை உண்டு. இந்தியாவின் உதவியோடு வரும் திட்டம், கைரேகையும் எடுப்பார்கள். முப்பது வருடம் கொழுந்து எடுத்த விரலில் ரேகை எவ்வளவு மிச்சமிருக்கும்? கைரேகை வைக்கும் ஆதார் அடையாள எண் வந்தபோது இந்தியாவில் உடலுழைப்பாளர்கள் ரேகை பதியாமல் ரேஷன் கடையில் நின்ற அனுபவம் இருக்கிறது. பாதுகாப்பு நிபுணர்கள் பேசுவது எப்போதும் கள்ளன் உள்ளே வராமல் தடுப்பது பற்றி. வீட்டுக்காரியையே வெளியே நிறுத்திவிடும் பூட்டைப் பற்றியும் அந்த மேசையில் யாராவது பேச வேண்டும். தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2022இலேயே நிறைவேறியது. 2025 மார்ச்சில் அமுலுக்கு வர வேண்டிய முக்கியப் பகுதிகளைத் தள்ளிப்போட்டார்கள். தரவு சேர்க்கும் வேகம் மட்டும் தள்ளிப்போகவில்லை.

இனி உங்கள் பயிற்சி. போங்கள். இரண்டு நாள் வருமானம் போகும், தெரியும். ஆனால் அந்த மண்டபத்தில் கொமியூனிகேஷன் கடைக்காரர் ஒருவர் எழுந்து, "என் கணினியை ஒரு நாளைக்கு நாற்பது பேர் பாவிக்கிறார்கள், நான் என்ன செய்வது?" என்று கேட்டால், பேச்சு தானாகத் தரைக்கு வரும். தமிழில் கேளுங்கள். மொழிபெயர்ப்பது அவர்கள் பொறுப்பு. தருகிற மென்பொருளுக்கு இலவசக் காலம் முடிந்தால் என்ன விலை, பதிவுப் படிவத்தில் வாங்கும் உங்கள் விவரம் யாரிடம் போகிறது என்பதையும் கேட்டுவிடுங்கள். முகம் சுளித்தால் அதுவும் ஒரு பதில்.

போவதற்கு முன் கடையில் கொஞ்சம் வேலை இருக்கிறது. கிரேக் பண்ணிய எல்லாவற்றையும் எடுத்துவிட்டு விண்டோஸைப் புதிதாகப் போடுங்கள். படம் வெட்ட ஒட்ட கிம்ப் போதும், கடிதம் அடிக்க லிப்ரே ஒபிஸ் போதும், இரண்டும் சட்டப்படியே இலவசம். வாடிக்கையாளர் வேலையை பிரவுசரின் தனிப்பட்ட சாளரத்தில் மட்டும் செய்யுங்கள், மூடினால் குக்கீ தங்காது. பாஸ்வேர்டை அவரே சொல்லட்டும், ஒரு துண்டில் எழுதி அவர் கையிலேயே கொடுங்கள். வங்கிப் புத்தகத்துக்குள் வைத்துக்கொள்வார். அது உங்கள் கணினியைவிடப் பத்திரமான இடம். தப்பித் தவறி வைரஸ் ஃபைல்களைப் பூட்டிவிட்டால் பணம் கட்டாதீர்கள். நெதர்லாந்துப் பொலிஸும் யூரோபோலும் இரண்டு கம்பனிகளும் சேர்ந்து 2016இல் தொடங்கிய 'நோ மோர் ரான்சம்' தளத்தில் பல பூட்டுகளுக்கு இலவசச் சாவி இருக்கிறது. ஸ்ரீலங்கா சேர்ட்டின் இலக்கம் 101.

அந்த 'ஐடி' ஃபோல்டர் உங்களிடமும் இருந்தால் இன்றைக்கு இரவே அழித்துவிடுங்கள், ரீசைக்கிள் பின்னையும் சேர்த்து. பயிற்சியில் தரும் கையேடு ஆங்கிலத்தில் மட்டும் இருந்தால் படமெடுத்து அனுப்புங்கள். நான் தமிழில் போட்டுத் தருகிறேன், நீங்கள் போட்டோகொப்பி எடுத்து மற்றக் கடைகளுக்குக் கொடுங்கள்.